மூவவத்தை மோட்டர்த் தொடக்கியும் அதன் பராமரிப்பும்

மாணவர்களே, கண்டி நகரிலிருந்து ஹந்தானை வீதியால் மேலே சென்றால் தேயிலை நூதனசாலையைக் காணலாம். 1925 இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையே 2001 இல் நூதனசாலையாக்கப்பட்டது. அங்கு வைக்கப்பட்டுள்ள பழைய எஞ்சின்களைக் கவனியுங்கள். அக்காலத்தில் ஓர் எஞ்சின் நீண்ட தண்டொன்றைச் சுழற்ற, அதிலிருந்து பட்டிகள் மூலம் பல இயந்திரங்கள் ஓடின. இன்று தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என அழைக்கும் தொழிற்சாலையில் வாட்டும் தொட்டியின் விசிறிக்கும் கொழுந்து அரைக்கும் ரோலருக்கும் தனித்தனி மோட்டர்கள் உண்டு. ஒவ்வொரு மோட்டருக்கும் ஒரு தொடக்கி தேவை. இரவில் ஒரு தொடக்கி பழுதடைந்து விசிறி நின்றால், தொட்டியிலுள்ள கொழுந்து சூடேறிப் பழுதாகிவிடும்.

நேரடித் தொடக்கியில் இரு முக்கிய பகுதிகள் உள்ளன. ஒன்று, மின்காந்தத்தால் தொடுகைகளை மூடும் 'கொன்டாக்டர்'. மற்றது மிகைச்சுமை ரிலே. இதிலுள்ள ஈருலோகச் சட்டம் மிகை மின்னோட்டத்தால் சூடாகி வளைந்து சுற்றைத் திறக்கும். மோட்டர் புறப்படும்போது முழுச்சுமை மின்னோட்டத்தின் ஏறத்தாழ 6 மடங்கை எடுக்கும் என்பதை நினைவில் வைத்திருங்கள். கீழே அது தேவைப்படும்.

பராமரிப்பின் முதற்படி சுத்தஞ்செய்தல் அன்று, மின்னைத் துண்டித்தல் ஆகும். பரீட்சையில் பலர் இதனை எழுத மறந்துவிடுகின்றனர். நிறுத்தற் பொத்தானை அழுத்தினால் மோட்டர் நிற்கும். ஆனால் கொன்டாக்டரின் மேல் முனைகளில் 400 V அப்படியே இருக்கும். எனவே பிரதான ஆளியைத் திறந்து, பூட்டிட்டு, 'வேலை நடைபெறுகிறது' எனும் அட்டையைத் தொங்கவிட வேண்டும். பின்னர் சோதிப்பானை முதலில் மின்னுள்ள ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்வதை உறுதிப்படுத்திக்கொண்டு, தொடக்கியின் எல்லா முனைகளையும் சோதிக்க வேண்டும். கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு வேறு வழியால் மின் வரக்கூடும் என்பதால் அதனையும் விட்டுவிடக் கூடாது. மாணவராகிய நீங்கள் இதனைத் தனியே செய்து பார்க்க முற்படாதீர்கள்.

தேயிலைத் தூசு மெல்லியது, ஈரத்தை உறிஞ்சுவது. ஆகவே பெட்டியை மென்மையான தூரிகையாலும் உறிஞ்சியாலும் துப்புரவாக்க வேண்டும். அமுக்கிய காற்றால் ஊதினால் தூசு இன்னும் உள்ளே போகும். கொன்டாக்டர் உரத்து இரைந்தால் காந்த முகங்களில் அழுக்குப் படிந்துள்ளதா, அங்குள்ள சிறு செப்பு வளையம் உடைந்துள்ளதா எனப் பாருங்கள். 50 Hz ஆடலோட்டத்தில் காந்தப் பாயம் ஒரு செக்கனுக்கு 100 தடவை பூச்சியமாகும். அவ்வேளைகளில் இழுவிசையைக் காப்பது அவ்வளையமே.

தொடுகைகள் கறுத்திருந்தால் உடனே அரத்தை எடுப்பது பலருடைய வழக்கம். அது தவறு. வெள்ளிக் கலப்புலோகத் தொடுகைகளின் கருமை பெரும்பாலும் மின்கடத்தலைத் தடுப்பதில்லை. அராவினால் வெள்ளிதான் குறையும். ஆழமாகக் குழிந்து தேய்ந்திருந்தால் தொகுதியாகவே மாற்ற வேண்டும்.

தளர்ந்த முனையாணிகளே மிக ஆபத்தானவை. 15 A பாயும் முனையொன்றில் தளர்வினால் 0.1 Ω தடை ஏற்பட்டதெனக் கொள்வோம்.

P = I²R = 15 × 15 × 0.1 = 22.5 W

இது ஒரு சிறிய பற்றாசுக்கோலின் வலுவுக்குச் சமம்! புறப்படும் கணத்தில் மின்னோட்டம் 90 A ஆயின், வலு 810 W, அதாவது 36 மடங்கு. காவலி கருகுவதும் அருகிலுள்ள தூசு தீப்பற்றுவதும் இவ்வாறே.

மாதிரி வினா: மிகைச்சுமை ரிலே அடிக்கடி சுற்றைத் திறக்கிறது. தொழிலாளி ஒருவர் அதன் அளவீட்டை உயர்த்திவிடுகிறார். இது சரியா?

விடை: சரியன்று. அளவீடு மோட்டரின் பெயர்த்தகட்டிலுள்ள முழுச்சுமை மின்னோட்டத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். உயர்த்தினால் ரிலே திறக்காது, மோட்டரின் சுருள் எரியும். இயந்திரம் இறுகியுள்ளதா, தாங்கி தேய்ந்துள்ளதா, ஓர் உருகி எரிந்து ஓர் அவத்தை இழக்கப்பட்டுள்ளதா என ஆராய்ந்து, காரணத்தை நீக்கிய பின்னரே ரிலேயை மீளமைக்க வேண்டும்.