மதியிறுக்கக் குழந்தைகளின் போலச்செய்யும் திறன்: அளவிடும் முறை

கரண்டி பிடிப்பதையும் கைகூப்புவதையும் குழந்தைகள் பிறரைப் பார்த்தே கற்கின்றனர். ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கமுள்ள குழந்தைகள் பலரிடம் இத்திறன் குன்றியிருக்கிறது. இதனை அளந்தறிந்தால் கற்பித்தலை எங்கே தொடங்குவது என்பது தெளிவாகும்.

மதியிறுக்கத்திற்கான சான்றிதழ் வழங்க 2016ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட இந்திய அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. மொத்தம் 70 முதல் 106 வரை லேசான நிலை. 107 முதல் 153 வரை நடுத்தர நிலை. அதற்கு மேல் கடுமையான நிலை. சலுகைகளைப் பெற இம்மொத்தம் தேவை. ஆனால் 110 மதிப்பெண் பெற்ற குழந்தை எச்செயலைப் பார்த்துச் செய்யும் என்பதை இது ஆசிரியருக்குக் கூறாது.

அதற்குத் தனி அளவீடு வேண்டும். 1997இல் அமெரிக்காவில் ஸ்டோன் குழுவினர் வெளியிட்ட அளவுகோலில் 16 செயல்கள் உள்ளன. பாதி, பொருளைக் கொண்டு செய்பவை, மீதி, உடலசைவுகள். முழுமையாகச் செய்தால் 2, ஓரளவு செய்தால் 1, செய்யாவிடில் 0. பொருளைக் கையாளுவதைவிட உடலசைவைப் போலச்செய்வதே இக்குழந்தைகளுக்குக் கடினம் என்பது இதனால் புலப்பட்டது. ஆகவே இரண்டையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். வாயசைவு, ஒலி ஆகியவற்றுக்கும் தனி வரிசை நலம்.

அளவிடுவோர் சிலவற்றில் கவனம் செலுத்த வேண்டும். “கைதட்டு” என்று சொல்லிச் சோதித்தால் அது மொழியறிவின் சோதனையாகிவிடும். செய்துகாட்டி, “இப்படிச் செய்” என்றால் போதும். செவித்திறனையும் கைகளின் இயக்கத்தையும் முன்னரே பரிசோதித்தல் அவசியம். பழகாத இடத்தில் ஒருமுறை செய்யாததைக் கொண்டு இயலாமை என முடிவு கட்டலாகாது; தாயின் முன்னிலையில் வேறொரு நாள் மீண்டும் பார்த்தல் வேண்டும்.

பெங்களூரில் பேச்சு, மொழி வல்லுநர் பிரதிபா கரந்த் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய காம் டீல் திட்டம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சியை இயக்கம், மொழி, அறிவு, சமூக உறவு முதலிய துறைகளாகப் பிரித்து மதிப்பிடுகிறது. துறைவாரியாகக் காணும் இம்முறை போலச்செய்யும் திறனுக்கும் பொருந்தும்.

குழந்தையின் கோப்பில் சான்றிதழ் மதிப்பெண்ணோடு இவ்வரிசைகளையும் சேர்த்து, சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து வந்தால், 0 எப்போது 1 ஆயிற்று என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்து அடுத்த பாடத்தை அமைக்கலாம்.