போர்விமான மாடலுக்கு இன்ஜின் பொருத்தப் போகிறவர்களுக்கு

முதல் ஸ்பிட்ஃபயரைக் கட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதெல்லாம் பவரைப் பற்றித்தான். எடையைப் பற்றிக் கேளுங்கள் என்பேன்.

1. அசல் ஸ்பிட்ஃபயரின் மூக்கில் இருந்த மெர்லின் இன்ஜின் 600 கிலோவுக்கும் மேல்; விமானத்தின் வெற்று எடையில் கால்பங்குக்கும் அதிகம். மாடலில் அந்த விகிதம் வராது. அதனால் வால் கனத்துவிடும், மூக்கில் ஈயம் திணிக்க வேண்டிவரும். பறக்க உதவாத ஈயத்தைச் சுமப்பதைவிட அந்த எடையை இன்ஜினாகவே சுமக்கலாம். சுமார் 1.6 மீட்டர் இறக்கை என்றால் 10 சிசி டூ ஸ்ட்ரோக் அல்லது 15 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் சரியாக இருக்கும். இரண்டு இன்ஜின்களுக்கு நடுவே மனம் ஊசலாடினால், சைலன்சரோடு சேர்த்து எடை போட்டு, கனமானதை எடுங்கள்.

2. என் ஓட்டு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு. மெதுவாகச் சுற்றிப் பெரிய விசிறியை இழுக்கும். தண்டர்போல்ட், ஜீரோ மாதிரி அகல மூக்குக்காரர்களுக்கு இது முக்கியம். சின்ன விசிறி தள்ளும் காற்றில் பெரும்பங்கு மூக்கிலேயே மோதி வீணாகும். வாலைத் தூக்கிச் சமமாக நிறுத்தி, விசிறி நுனி தரையில் படாதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. வெப்பத்தால் நின்றுபோகும் இன்ஜின்களே அதிகம். காற்று நுழையும் வாயைப் பெரிதாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். வெளியேறும் வழி அதைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். உள்ளே வந்த காற்று சிலிண்டரின் செதில்களுக்கு நடுவே மட்டும் போகும்படி மெல்லிய ப்ளைவுட்டால் தடுப்பு வையுங்கள். அழகுக்குப் பொய் சிலிண்டர்களை ஒட்டுபவர்கள், நிஜ சிலிண்டருக்கு முன்னால் உள்ள பகுதியைத் திறந்துவிடுங்கள்.

4. ஒடுக்கமான மூக்கில் இன்ஜினைத் தலைகீழாக வைத்தால் கார்புரேட்டர் கீழே இறங்கும், டேங்கையும் இறக்குங்கள். டேங்கின் நடுக்கோடு கார்புரேட்டரின் எரிபொருள் குழாய்க்கு நேராகவோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். இல்லாவிட்டால் எரிபொருள் தானாக வழிந்து சிலிண்டர் தலையில் தேங்கும். அந்த நிலையில் ஸ்டார்ட்டரை வைத்தால் கனெக்டிங் ராடு வளையும். முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகினால் க்ளோ பிளக்கைக் கழற்றி வடித்துவிடுங்கள்.

5. இன்ஜினை 2 டிகிரி வலப்பக்கம் திருப்பிப் பொருத்துங்கள். விசிறியின் சுழற்சி விமானத்தை இடப்பக்கம் இழுக்கும். நிஜத்திலும் அப்படித்தான். ஸ்பிட்ஃபயரில் மெர்லினுக்குப் பதில் கிரிஃபன் இன்ஜின் வந்தபோது விசிறி எதிர்த்திசையில் சுற்றியது. இழுப்பும் பக்கம் மாறியது.

6. ஃபயர்வாலுக்குப் பின்னால் டி-நட், திருகில் லாக் திரவம், மரமெங்கும் எபாக்ஸி பூச்சு. எண்ணெய் ஊறிய மரம் திருகைப் பிடிக்காது.

7. ஈர்ப்பு மையத்தைக் காலி டேங்கோடு பாருங்கள். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் விசிறிக்குப் பின்னால் போய் நின்றே ஊசியைத் திருப்புங்கள். விசிறிக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் யாரையும் நிற்க விடாதீர்கள், முக்கியமாகக் குழந்தைகளை.