பழுது எந்தப் பக்கம் நகர்கிறது?

சொர்ணவாரிக்கு நாற்று விட்டிருக்கும் நேரம். ஏரித் தண்ணீர் எட்டாத உத்திரமேரூர் பக்கத்துக் கழனிகள் பலவற்றில் ஒரே கொட்டகைக்குள் இரண்டு மோட்டாருக்கு ஸ்டார்டர் இருக்கும். ஒன்று போரிலிருந்து கிணற்றுக்குத் தண்ணீர் தள்ளுவதற்கு, இன்னொன்று கிணற்றிலிருந்து கழனிக்கு ஏற்றுவதற்கு. அதில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்காதது போல ஓடுகிறது. எலெக்ட்ரீஷியன் வந்து நிற்கும்போது மட்டும் மணிக்கணக்கில் ஓடிக் காட்டும்.

எரிந்துபோன மோட்டாரால் இந்தத் தலைவலி இல்லை, நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். விட்டு விட்டு நிற்கிற மோட்டாருக்குத்தான் ஆளுக்கொரு தீர்ப்பு வரும். வைண்டிங் கடைக்காரர் காயிலைக் கட்டச் சொல்வார். ஸ்டார்டர் விற்பவர் புது பேனல் போடச் சொல்வார். பக்கத்துக் கழனிக்காரர் லைனைக் குற்றம் சொல்வார். சோலார் போட்டுவிடலாம் என்று ஒருவர் கிளம்புவார். நான்கில் எதுவும் சரியாக இருக்கலாம் என்பதுதான் சிக்கல்.

இரட்டை எஞ்சின் படகு ஓட்டுகிறவர்களுக்கு இதே சிக்கல் உண்டு. ஓர் எஞ்சின் திடீரென்று இழுவை குறைந்து, பிறகு தானாகவே சரியாகும். அனுபவமுள்ள மெக்கானிக் அங்கே முதலில் கேட்கும் கேள்வி, இரண்டுமே திணறுகிறதா, ஒன்று மட்டுமா என்பதுதான். இரண்டும் என்றால் இரண்டுக்கும் பொதுவான டேங்க், பாட்டரி பக்கம் பார்ப்பார். ஒன்று மட்டும் என்றால், இடது எஞ்சினின் ஒரு பாகத்தைக் கழற்றி வலதில் மாட்டி, வலதின் பாகத்தை இடதில் மாட்டுவார். கோளாறும் கூடவே இடம் மாறினால் அந்தப் பாகம் பிடிபட்டது. இந்த வித்தை இரண்டு மோட்டார் வைத்திருக்கிற கழனிக்கு அப்படியே பொருந்தும்.

ஆக, முதல் வேலை இரண்டையும் ஒன்றாக ஓட்டிப் பார்ப்பது. அதற்கு முன் ஆட்டோ ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். கரண்ட் வந்ததும் தானே மோட்டாரைப் போடும் அந்தப் பெட்டி, எப்போது நின்றது, எதனால் நின்றது என்ற தடயத்தை அழித்துவிடும். வயரில் கை வைத்திருக்கும்போது மோட்டாரைக் கிளப்பியும் விடும்.

இரண்டும் சேர்ந்து திணறினால் குறை, கரண்ட் வரும் வழியில் இருக்கிறது. மூன்று ஃபேஸிலும் மூன்று பல்பு மாட்டினால் கொஞ்சம் புரியும். ஒரு பல்பு அணைந்து மற்ற இரண்டும் பிரகாசமாக எரிந்தால், டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம் ஒரு ஃப்யூஸ் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று நன்றாக எரிந்து இரண்டு மங்கினால், 11,000 வோல்ட் பக்கத்தில் ஒரு கம்பியோ ஃப்யூஸோ போயிருக்கலாம். ஆனால் பல்பை முழுக்க நம்பக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், இறந்துபோன ஃபேஸுக்குத் தானே கொஞ்சம் வோல்டேஜைத் திருப்பித் தரும். பல்பு மினுக்கென்று எரிய, வைண்டிங் உள்ளே வெந்துகொண்டிருக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இதற்கு மேல் லைன்மேன் வேலை. கம்பத்திலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் சொந்தமாகக் கை வைத்தவர்கள் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. மின்சார வாரியத்தில் புகார் கொடுக்கப் போகிறவர் ஒன்றை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரியைப் பார்த்துக்கொள்ள அமைத்த குழுவை ஏரி வாரியம் என்றுதான் சொல்கின்றன. குடத்தில் போட்ட ஓலையை எடுக்கும் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு பேர், 360 நாள் பொறுப்பு. ஆயிரத்து நூறு ஆண்டுக்குப் பிறகும் இந்த ஊரில் தண்ணீர் நின்றால் வாரியத்தைத்தான் தேடிப் போகிறார்கள்.

ஃபேஸ் மூன்றும் இருந்தும் வோல்டேஜ் இறங்குவது வேறு கதை. மூன்று ஃபேஸ் கரண்ட் வந்த முதல் அரை மணியில் ஊர் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். 415 இருக்க வேண்டிய இடத்தில் 330 வோல்ட் வந்தால், மோட்டாரின் சுழற்று விசை மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே போகும். விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால்தான் சரிவு இவ்வளவு வேகமாக இருக்கிறது. இதற்குப் புது மோட்டார் வாங்குவது வீண். அரை மணி தள்ளிப் போடும் டைமர் சில நேரம் போதும். போதாவிட்டால், டிரான்ஸ்ஃபார்மருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

ஒரு மோட்டார் மட்டும் நிற்கிறதா? நின்ற உடனே பொத்தானை அழுத்த வேண்டும். உடனே பிடித்துக்கொண்டால் ஸ்டார்டரின் நோ-வோல்ட் காயில், ஒரு தளர்ந்த முனை, அல்லது கண நேர வோல்டேஜ் சரிவு. ஐந்து, பத்து நிமிடம் ஆறிய பிறகுதான் பிடிக்கிறது என்றால் ஓவர்லோடு ரிலே விழுந்திருக்கிறது. உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை சூடாகி வளைந்தது, குளிர்ந்து நிமிர வேண்டும். ரிலேயின் திருகை ஏற்றி வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். நின்று நின்று ஓடிய மோட்டார் அதற்குப் பிறகு நிற்காமல் ஓடி எரியும்.

இனிதான் ருசியான பகுதி. வயரைக் கவ்வி அளக்கும் டாங் டெஸ்டரால் மூன்று வயரிலும் ஆம்பியர் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து குதிரைத்திறன் போர் மோட்டாரில் 8, 7.4, 9.2 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். சராசரி 8.2. அதிலிருந்து மிக அதிகமாக விலகுவது 9.2, ஒரு ஆம்பியர் வித்தியாசம். 12 சதவீதம். ஐந்துக்குள் இருந்தால் நல்லது, இது சரியில்லை. ஆனால் குற்றவாளி யார்? மெயினை இறக்கி, ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டார்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று வயரையும் ஒவ்வொரு இடம் தள்ளி மாட்ட வேண்டும். முதல் வயர் இரண்டாம் முனைக்கு, இரண்டாவது மூன்றுக்கு, மூன்றாவது ஒன்றுக்கு. வரிசை மாறாததால் மோட்டார் சுற்றும் திசை மாறாது. இரண்டு வயரை மட்டும் மாற்றினால் தலைகீழாகச் சுற்றும், தண்ணீர் சரியாக ஏறாது. திரும்ப ஓட்டி ஆம்பியர் பார்த்து, இன்னொரு முறையும் தள்ளி மாட்டிப் பார்க்க வேண்டும். அதிக ஆம்பியர் ஸ்டார்டரின் அதே முனையிலேயே நின்றால் குறை லைனிலோ ஸ்டார்டரிலோ. அதே மோட்டார் வயரோடு சேர்ந்து நகர்ந்தால் குறை கேபிளிலோ வைண்டிங்கிலோ. கால் மணி நேர வேலை, செலவு ஒன்றும் இல்லை. இதைச் செய்யாமல் போரிலிருந்து மோட்டாரைத் தூக்குவதில் அர்த்தமில்லை.

லைனா ஸ்டார்டரா என்று பிரிக்கத்தான் இரண்டாவது மோட்டார் உதவுகிறது. இந்த மோட்டாரை அந்த ஸ்டார்டரில் மாட்டிப் பார்க்கலாம். இரண்டும் மூன்று வயர் போகும் நேரடி ஸ்டார்டராக இருந்தால்தான் இது நடக்கும். ஆறு வயர் போகும் ஸ்டார்-டெல்டாவை இதோடு கலக்கக் கூடாது. குதிரைத்திறன் வேறென்றால் ரிலேயின் அளவை அதற்கேற்ப மாற்றி, வேலை முடிந்ததும் மறக்காமல் பழைய இடத்தில் வைக்க வேண்டும்.

இப்போது கடைக்குப் போகலாம்.

ஸ்டார்டர்தான் குற்றவாளி என்றால் முழு பேனல் வேண்டியதில்லை. கரிந்த கான்டாக்ட், காயில் இரண்டும் தனியாகக் கிடைக்கும். பேனல் வாங்கியே தீர வேண்டும் என்றால் அதில் ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் தடுப்பான் எந்த வகை என்று கேட்க வேண்டும். வோல்டேஜைப் பார்க்கும் வகை, ஃபேஸ் குறைந்திருந்தால் மோட்டாரைக் கிளம்பவே விடாது. ஆனால் ஸ்டார்டருக்குப் பிறகு கேபிள் அறுந்தால் அதற்குத் தெரியாது, மோட்டார் திருப்பித் தரும் வோல்டேஜிலும் அது ஏமாறலாம். ஆம்பியரைப் பார்க்கும் வகை இரண்டிலும் ஏமாறாது, ஆனால் மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகே விழித்துக்கொள்ளும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் போர் மோட்டாருக்கு ஆம்பியர் வகைதான் நல்லது. அங்கே கேபிள் நீளம், ஜாயின்ட் தண்ணீருக்குள்.

குறை வயரோடு நகர்ந்ததென்றால் கேபிளா மோட்டாரா என்பதற்கு இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் வேண்டும். 500 வோல்ட் மெக்கரில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் இன்சுலேஷன் போய்க்கொண்டிருக்கிறது. காலையில் குளிர்ந்த மோட்டாரில் பார்த்தால் நல்ல எண்ணையே காட்டும். ஒரு மணி நேரம் ஓட்டி, நிறுத்திய உடனே பார்த்தால்தான் விட்டு விட்டு வரும் கசிவு சிக்கும். மோட்டாரைத் தூக்கியதும் முதலில் ஜாயின்ட்டை வெட்டிவிட்டுத் தனித்தனியே அளக்கச் சொல்ல வேண்டும். பாதி நேரம் குறை அந்த ஜாயின்ட்டோடு முடிந்துவிடும், அதை மட்டும் புதிதாகப் போட்டு இறக்கலாம்.

வைண்டிங் என்று உறுதியானால், முதல் முறைக்குக் கட்டிக்கொள்வது தவறில்லை. ஏற்கனவே இரண்டு முறை கட்டிய மோட்டாரை மூன்றாவது முறை கட்டுவதைவிடப் புதிது நல்லது. பழைய கம்பியை எடுக்க ஸ்டேட்டரை எரிக்கும்போது இரும்புத் தகடுகளின் இன்சுலேஷன் கெட்டு, மோட்டார் சும்மாவே சூடேறும். 1990-இலிருந்து விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம் என்பதால் அந்த வீண் கரண்ட் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. சூடு மட்டும் உறுத்தும். பத்து டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டார்காரர்களின் பழைய கணக்கு.

கன்டென்சர் போட்டு இரண்டு ஃபேஸிலேயே ஓட்டிவிடலாம் என்று சொல்பவரை அனுப்பிவிடலாம்.

சோலார் வேறு வகைத் தேர்வு. ஐந்து குதிரைத்திறன் பம்புக்கு 4,800 வாட் பேனல் வேண்டும். 2019-இல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் மத்திய அரசு 30, மாநில அரசு 30 சதவீதம் ஏற்கும், தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் விண்ணப்பிக்கலாம். இலவச இணைப்புக்குக் காத்திருப்பவருக்கு நல்ல வழி. இணைப்பு ஏற்கனவே இருப்பவர், ஒரு கரிந்த கான்டாக்ட்டுக்குப் பயந்து இதில் இறங்க வேண்டியதில்லை.

கொட்டகை மூலையில் சாக்கு போர்த்திக் கிடக்கும் டீசல் எஞ்சினைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்லது. ஐந்து குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். தினமும் கட்டுப்படியாகாது, ஆனால் நாற்று வாடும் இரண்டு நாளுக்கு அது போதும். போர் மோட்டாரைத் தூக்கி இறக்கும் அந்த இரண்டு நாளில் திறந்த கிணற்றிலிருந்து இறைக்க எஞ்சின் இருந்தால், வைண்டிங் கடையில் போய் அவசரப்படுத்த வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை கால் மணி நேரம் ஓட்டி, தண்ணீர் இழுக்கிறதா என்று பார்த்து வைத்தால் சரி. ஃபுட் வால்வின் தோல்தான் முதலில் காய்ந்து போகும்.