கிணற்றுப் பதிவைப் படிக்கும் முறை

1927-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி, பிரான்சு தேசத்து அல்ஸாஸ் பிரதேசத்தில், பெஷல்ப்ரான் எண்ணெய் வயலின் கிணறு ஒன்றில் ஷ்லும்பெர்ஜே சகோதரர்களின் குழுவினர் மின்முனைகளை இறக்கி, மீட்டருக்கு மீட்டர் நிறுத்தி மின்தடையை அளந்து, கையால் புள்ளியிட்டு வரைந்த கோடே கிணற்றுப் பதிவுச் சாஸ்திரத்தின் ஆதி. இன்று கருவிகள் பெருகிவிட்டன. எனினும் ஒற்றைக் கோட்டை மட்டும் நம்பிப் பாறைக்குப் பெயரிடுவது அன்று போலவே இன்றும் ஆபத்தான காரியம்.

ஆகையால் பதிவுத் தாளை விரித்ததும் முதலில் காண வேண்டியது, பலரும் அலட்சியமாகக் கடந்து செல்லும், கிணற்றின் விட்டத்தைக் காட்டும் காலிப்பர் கோடுதான். கிணற்றின் சுவர் இடிந்து அகன்ற இடத்தில், சுவரோடு ஒட்டியிருக்க வேண்டிய அடர்த்திக் கருவி துளைச்சேற்றையும் சேர்த்து அளந்துவிடுமாதலால், அங்கே இல்லாத நுண்துளைகள் இருப்பதாகத் தோன்றும். அத்தகைய பகுதிகளைப் பென்சிலால் குறித்து ஒதுக்கிவிட்டே மேலே செல்க.

அடுத்து, காமா கதிர்க் கோட்டில் களிப்பாறைக்கு ஒரு நேர்கோடும், சுத்தமான மணற்கல் அல்லது சுண்ணாம்புக்கல்லுக்கு மற்றொரு நேர்கோடும் வரைந்துகொள்க. பொட்டாசியமும் தோரியமும் மிகுந்த களிப்பாறையில் கதிர்வீச்சு உயர்ந்து நிற்பது பொது விதியாயினும், பொட்டாசிய ஃபெல்ஸ்பாரோ அப்பிரகமோ நிறைந்த மணற்கல்லும் அவ்வாறே காட்டும் என்பதால், துளையிடும்போது மேலே வந்த பாறைத் துகள்களோடு ஒப்பிடாமல் நிச்சயம் செய்யலாகாது.

பின்னர் நுண்துளைகளின் அளவைக் கணிக்கலாம். குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம்; கருவி 2.32 என்று காட்டுமாயின், நீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டு, 0.33-ஐ 1.65-ஆல் வகுக்க 20 சதவீதம் கிடைக்கும். நியூட்ரான் கோட்டை இதன்மீது வைத்துப் பார்க்கையில், அது குறைந்த நுண்துளையையும் அடர்த்திக் கோடு மிகுந்த நுண்துளையையும் காட்டினால் வாயு இருத்தல் கூடும். ஆனால் தாள் சுண்ணாம்புக்கல் அளவையில் அச்சிடப்பட்டிருந்தால், நீர் நிறைந்த மணற்கல்லிலும் இவ்விலகல் சிறிது தோன்றுமாதலால், தலைப்பிலுள்ள அளவையை அவசியம் வாசிக்க வேண்டும்.

இனி மின்தடை. ஆர்ச்சி 1942-இல் வெளியிட்ட சூத்திரத்தின் எளிய வடிவப்படி, நுண்துளை 20 சதவீதமும் பாறைநீரின் தடை 0.1 ஓம்-மீட்டரும் ஆனால், நீரின் தடையை நுண்துளைப் பின்னத்தின் வர்க்கத்தால் வகுக்க, முற்றிலும் நீர் நிறைந்த பாறையின் தடை 2.5 ஆகும். பதிவில் 40 காணப்பட்டால், 2.5-ஐ 40-ஆல் வகுத்து வர்க்கமூலம் காண, நீரின் பங்கு 25 சதவீதம். எஞ்சியது எண்ணெயோ வாயுவோ. களி கலந்த மணற்கல்லில் களியே மின்சாரத்தைக் கடத்துவதால், இச்சூத்திரம் நல்ல எண்ணெய்ப் படிவத்தையும் நீர்ப்படிவமாகக் காட்டிவிடும் என்பதை நினைவிற் கொள்க.

நில அதிர்வுப் படத்தோடு இவற்றை இணைப்பதே மிகுந்த பொறுமை வேண்டும் கட்டம். ஏனெனில் பதிவு ஆழத்தில் எழுதப்பட்டது, அதிர்வுப் படமோ காலத்தில் எழுதப்பட்டது. சோனிக் பதிவின் ஒலிப் பயண நேரங்களைக் கூட்டி, கிணற்றிலேயே எடுத்த செக்-ஷாட் (நேரடிப் பயண நேர) அளவுகளால் திருத்தி, ஒவ்வோர் ஆழத்துக்கும் உரிய காலத்தைப் பெறுக. அதன்பின் அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கி ஒலித்தடையைக் காண்க. 2.45 அடர்த்தியும் விநாடிக்கு 3000 மீட்டர் வேகமும் உடைய களிப்பாறையின் கீழே, 2.32 அடர்த்தியும் 3700 மீட்டர் வேகமும் உடைய மணற்கல் இருந்தால், ஒலித்தடைகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க, பிரதிபலிப்பு ஏறத்தாழ 0.08. இவ்வெண்களின் வரிசையோடு அதிர்வலையின் வடிவத்தைச் சேர்த்துச் செயற்கைப் படம் ஒன்றை உண்டாக்கி, உண்மைப் படத்தின் அருகே வைத்து ஒப்பிடுக.

இரண்டும் பொருந்தவில்லையென்றால், செயற்கைப் படத்தை இழுத்தும் சுருக்கியும் பலவந்தமாகப் பொருத்துவது தகாது. முதலில் அலையின் திசைக்குறியையும், காலிப்பர் குறை காட்டிய பகுதிகளையும் மறுபடி சோதிக்க வேண்டும். பொருந்திய பின்னரும் எதிர்பார்ப்புக்கு எல்லை உண்டு: கிணற்றுப் பதிவு சுமார் 15 சென்டிமீட்டருக்கு ஓர் அளவு தருகிறது, விநாடிக்கு 30 அதிர்வுகள் கொண்ட அலையோ, 3700 மீட்டர் வேகத்தில், ஏறத்தாழ 31 மீட்டருக்குக் குறைந்த படிவத்தின் மேற்பரப்பையும் அடிப்பரப்பையும் பிரித்துக் காட்டாது. எனவே அதனினும் மெல்லிய மணற்படிவத்தைக் கிணற்றிலிருந்து விலகிப் பின்தொடர விரும்புவோர், அதன் கனத்தைத் தனிக் கோடுகளாக அன்றி, பிரதிபலிப்பின் வலிமை கூடிக் குறைவதிலிருந்தே அநுமானிக்க வேண்டும்.