மருத்துவம் அறிவோம்: தலசீமியா உள்ளவர்களின் இரத்தக் கொழுப்பு

சென்ற ஆடிப்பூரத்தன்று கோயில் மண்டபத்தில் நாம் வழமைபோல இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு அம்மா கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். மகனுடைய இரத்தப் பரிசோதனை முடிவு. மகனுக்கு வயது முப்பது, பிறவியிலேயே தலசீமியா. மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றிக்கொள்பவர். மொத்தக் கொலஸ்ட்ரோல் 2.7 என்று தாளில் இருந்தது. ஊரில் பார்க்கும் மில்லிகிராம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 104.

"எனக்கு 6.1. இவன்ரை தகப்பனுக்கு அதிலும் கூட. இவனுக்கு மட்டும் இப்பிடி நல்லாய் இருக்கு. அப்ப இதயத்துக்கு ஒரு பயமும் இல்லைத்தானே? ஸ்கானுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கு, போகமாட்டன் எண்டு நிக்கிறான்" என்றார் அம்மா.

இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதால், அவர்களுடைய சம்மதத்துடன் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொல். தலசீமியா சைப்பிரஸ்காரரின் நோய் என்று இந்நாட்டில் சிலர் இன்னும் நினைக்கிறார்கள். அது நம்மிடமும் உண்டு. இலங்கையில் குருநாகல் வைத்தியசாலையில் இதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் டேவிட் வெதரால் அவர்களின் குழுவினர் இலங்கை வைத்தியர்களுடன் சேர்ந்து அங்கு பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார்கள். தமிழ்நாட்டின் நீலகிரிப் பழங்குடியினரிடம் இன்னொரு பரம்பரை இரத்தச்சோகையான அரிவாள் உருக் கல நோயின் கூறு இருப்பது 1952 இலேயே அறியப்பட்டது.

இனிக் கொலஸ்ட்ரோலுக்கு வருவோம். கொலஸ்ட்ரோல் என்றாலே குழாயை அடைக்கும் கொழுப்பு என்றுதான் நமக்குப் பழக்கம். உண்மையில் அது உடம்பின் ஒவ்வொரு கலத்துக்கும் சுவர் கட்டத் தேவையான பொருள். சுகதேகி ஒருவரின் என்பு மச்சை செக்கனுக்கு இருபது இலட்சம் அளவில் செங்குருதிக் கலங்களை உண்டாக்குகிறது. ஒவ்வொன்றும் 120 நாள் அளவில் உயிர்வாழும். தலசீமியாவில் கலங்கள் சரியாக உருவாகாமல் மச்சைக்குள்ளேயே பெருமளவு அழிகின்றன. வெளியே வருபவையும் வெகு நாள் நிற்பதில்லை. இழப்பை ஈடுசெய்ய மச்சை இரவு பகலாக வேலை செய்கிறது. அத்தனை கலங்களுக்கும் சுவர் கட்டக் கொலஸ்ட்ரோல் இரத்தத்திலிருந்து இழுக்கப்படுகிறது. அழிந்த கலங்களைத் துப்புரவு செய்யும் கலங்களும் அதில் ஒரு பங்கை உள்ளிழுக்கின்றன. இரும்பு படிந்து ஈரல் பழுதானால் அதுவும் ஒரு காரணமாகும்.

ஆகவே 2.7 என்பது நல்ல சாப்பாட்டின் பலன் அல்ல. கெட்டது எனப்படும் எல்.டி.எல். மட்டுமன்றி, நல்லது எனப்படும் எச்.டி.எல். உம் சேர்ந்தே குறைகிறது. அதேவேளை டிரைகிளிசரைட்டு என்ற மற்றக் கொழுப்பு பலரிடம் கூடியிருக்கிறது. முடிவுத் தாளில் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காமல் அந்த வரியையும் பாருங்கள். சீனி, சோறு, மதுபானம் ஆகியவற்றின் அளவு அதில் தெரியும்.

"அப்படியானால் நெய்யும் முட்டையும் கூடக் கொடுத்துக் கொலஸ்ட்ரோலை ஏற்றவேண்டுமா?" என்று பக்கத்தில் நின்ற ஒரு ஐயா கேட்டார். வேண்டாம். மச்சையின் வேலைப்பளு குறையாமல் நெய்யால் ஆவது ஒன்றுமில்லை.

அம்மாவின் கேள்விக்குப் பதில் வேறோர் இடத்தில் இருக்கிறது. குழாய் அடைபடுவது வேறு, பம்பி பழுதாவது வேறு. ஏற்றும் இரத்தத்தில் பை ஒன்றுக்கு 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உண்டு. மாதம் இரண்டு பை என்றால் ஆண்டுக்கு ஐந்து கிராம் அளவில் சேரும். ஒரு சுகதேகியின் உடம்பு முழுவதிலும் உள்ள இரும்பே மூன்று, நான்கு கிராம்தான்! மேலதிக இரும்பை வெளியேற்ற உடம்பில் வழி இல்லை. அது ஈரலிலும் கணையத்திலும் இதயத் தசையிலும் படிகிறது. இதயம் பலவீனமாகும், துடிப்பின் ஒழுங்கு கெடும். தலசீமியா உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது இதுவே. கொலஸ்ட்ரோல் எண் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனைகூடச் சில வேளை ஏமாற்றிவிடும். ஈரலில் இரும்பு குறைவாகவும் இதயத்தில் கூடுதலாகவும் இருப்பவர்கள் உண்டு.

அதற்காகத்தான் அந்த ஸ்கான். எம்.ஆர்.ஐ. மூலம் இதயத்தின் இரும்பை அளக்கும் டி2 ஸ்டார் முறையை லண்டன் வைத்தியர்கள் 2001 இல் வெளியிட்டார்கள். முடிவு 20 மில்லிசெக்கனுக்கு மேல் இருக்கவேண்டும். 10 இற்குக் கீழே போனால் ஆபத்து மிக அதிகம். முன்பு இரும்பை அகற்ற இரவு முழுவதும் தோலின் கீழ் ஊசி செருகிப் பம்பியோடு படுக்கவேண்டும். இப்போது பலருக்குக் குளிசையே போதும். ஆனால் குளிசையைத் தவறவிடுவதும் சுலபமாகிவிட்டது.

இந்த நோய் உள்ளவர்கள் தடிமனுக்கென்று விற்றமின் சி குளிசைகளை வைத்தியரைக் கேட்காமல் பெரிய அளவில் எடுக்கக்கூடாது. அது இரும்பைக் கிளப்பி இதயத்துக்குக் கேடு செய்யும். நீரிழிவைக் கண்டறியும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையையும் இவர்களில் நம்பமுடியாது.

நோயில்லாமல் அதன் கூறை மட்டும் காவுபவர்களிடமும் எல்.டி.எல். ஓரளவு குறைவாக இருப்பது, பத்தில் ஒருவருக்கு மேல் காவிகளாக உள்ள இத்தாலியின் சார்டீனியாத் தீவில் தெரியவந்தது. அதை நம்பி வடையை அள்ளவேண்டாம். புகையும் நீரிழிவும் இந்தச் சிறு அனுகூலத்தை விழுங்கிவிடும். காவிகளின் செங்கலங்கள் சிறிதாக இருப்பதை இரும்புச்சத்துக் குறைவு என்று எண்ணி வருடக்கணக்கில் இரும்புக் குளிசை விழுங்கியவர்களை நாம் அறிவோம். பெரிட்டின் பார்த்த பின்பே அதைத் தொடங்கவேண்டும். கலியாணம் பேசும் வயதுப் பிள்ளைகள் தாம் காவிகளா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இருவரும் காவிகளானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு பிள்ளைக்கு நோய் வருவதற்கு உண்டு.

அம்மாவின் மகன் ஸ்கானுக்குப் போய்வந்தார். முடிவு 14 மில்லிசெக்கன். கிழமையில் இரண்டு மூன்று நாள் குளிசையை விட்டுவிடுவதாக அப்போதுதான் வைத்தியரிடம் சொன்னாராம். அளவைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் திரும்பவும் ஸ்கான்.