கைக்கடிகாரத்துக்குச் சுங்க வரி: எக்செல்லில் கணக்கிடலாம்
2019-ல் சிங்கப்பூரிலிருந்து புதுக்கோட்டை வரவிருந்த என் மாமா, ரூ.1,50,000-க்குப் புதுக் கைக்கடிகாரம் வாங்கியிருந்தார். "கையில கட்டிட்டு வந்தா வரி ஏது மாப்ளே?" என்றார் போனில். புதிதாக வாங்கியது என்றால் கட்டியிருந்தாலும் வரி உண்டு. எக்செல்லைத் திறந்தேன். நீங்களும் செய்து பாருங்கள்.

பி1 செல்லில் விலை: 150000. பி2-ல் அப்போதைய வரிவிலக்கு வரம்பு: 50000. பி3-ல் அப்போதைய வரி: 38.5% (சுங்க வரி 35%, அதில் பத்தில் ஒரு பங்காகச் சமூக நலக் கூடுதல் வரி 3.5%). பி4-ல் =(பி1-பி2)*பி3 என ஃபார்முலா கொடுத்து என்டர் தட்டுங்கள். விடை 38500. விலை வரம்புக்குள் இருந்தால் வரியே இல்லை.

திருச்சி விமான நிலையத்தில் மாமா சிவப்பு வழியில் சென்று, வரி கட்டி, ரசீது வாங்கினார். மறைத்துப் பிடிபட்டால் கடிகாரம் பறிமுதலாகலாம், அபராதமும் வரலாம்.

வரம்பும் வரியும் அவ்வப்போது மாறும். அதனால்தான் தனித்தனி செல்கள். பயணத்துக்கு முன் பி2, பி3-ஐ மட்டும் மாற்றினால் போதும்.