ஷீட்டில் இருக்கும் கணக்கை ஸ்லைடில் சேர்ப்பது எப்படி?

குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டம். செயலாளர் வரவு செலவு ஸ்லைடைக் காட்டுகிறார். "சார், நான் போன வாரமே பணம் கட்டிட்டேனே, என் வீடு இன்னும் பாக்கியில இருக்கே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஷீட்டில் திருத்தியாச்சு, ஸ்லைடில் மட்டும் பழைய கணக்கு. நம்மில் பலர் பார்த்த காட்சிதான் இது.

சாதாரணமா காப்பி, பேஸ்ட் செய்தால் அந்த நிமிடத்து எண்கள்தான் ஸ்லைடுக்கு வரும். பிறகு ஷீட்டில் என்ன மாற்றினாலும் ஸ்லைடுக்குத் தெரியாது. அதனால் இணைப்போடு ஒட்ட வேண்டும்.

கூகுள் ஷீட்ஸில் தேவையான கட்டங்களைத் தேர்வு செய்து காப்பி எடுங்க. கூகுள் ஸ்லைட்ஸில் பேஸ்ட் செய்ததும் ஒரு கேள்வி வரும். அதில் 'லிங்க் டு ஸ்ப்ரெட்ஷீட்' என்பதைத் தேர்வு செய்யுங்க. வரைபடம் என்றால் இன்சர்ட், சார்ட், ஃப்ரம் ஷீட்ஸ். இந்த வேலையைக் கணினியில் செய்வதே நல்லது. அன்றாட வரவுகளை மொபைலிலேயே ஷீட்டில் பதியலாம்.

இணைத்துவிட்டால் தானாக மாறிவிடும் என்று நினைக்காதீங்க. ஸ்லைடில் அட்டவணையைத் தொட்டால் 'அப்டேட்' பொத்தான் தெரியும். அதை அழுத்தினால்தான் புது எண் வரும். நிறைய ஸ்லைடுகள் இருந்தால் டூல்ஸ் பகுதியில் 'லிங்க்டு ஆப்ஜெக்ட்ஸ்' திறந்து, 'அப்டேட் ஆல்' கொடுத்தால் போதும். இன்னொன்று: 10 வரிகளை இணைத்த பிறகு, அடியில் 11-வதாக ஒரு வீட்டைச் சேர்த்தால் அது ஸ்லைடில் வராது. இணைப்பு விருப்பங்களில் 'சேஞ்ச் ரேஞ்ச்' கொடுத்து எல்லையை நீட்ட வேண்டும்.

எக்செல், பவர்பாயிண்ட் பயன்படுத்துவோருக்கு 'பேஸ்ட் ஸ்பெஷல்' உள்ளே 'பேஸ்ட் லிங்க்' இருக்கிறது. இது எக்செல் கோப்பு இருக்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். கோப்பை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் இணைப்பு அறுந்துபோகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வரைபடத்தை ஒட்டும்போது 'எம்பெட் வொர்க்புக்' என்பதைத் தேர்வு செய்தால், முழு எக்செல் கோப்பும் ஸ்லைடுக்குள் போய் உட்கார்ந்துவிடும். வெளியே தெரிவது ஒரு சின்ன வரைபடம். உள்ளேயோ எல்லா வீட்டாரின் கைபேசி எண், வங்கிக் கணக்கு, சில சமயம் ஆதார் எண்கூட இருக்கும். அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டால், கணினியில் திறப்பவர் வரைபடத்தின் தரவைத் திறந்து அத்தனையையும் பார்த்துவிடலாம். அனுப்பியவருக்கு இது தெரியவே தெரியாது, அதுதான் வருத்தம்.

எனவே கூட்டத்துக்கென்று தனியாக ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்க. அதில் மொத்த வரவு, செலவு, இருப்பு மட்டும் போதும். பெயரும் எண்களும் இருக்கும் மூலப் பட்டியலைப் பொறுப்பாளர்கள் தவிர யாருக்கும் பகிர வேண்டாம். யார் எவ்வளவு பாக்கி என்பதை எல்லாருக்கும் முன்னால் திரையில் காட்டத்தான் வேண்டுமா என்பதையும் ஒருமுறை யோசிக்கலாம். தனியாகச் சொன்னாலே பலர் கட்டிவிடுவார்கள்.

கூட்டம் தொடங்கும் முன் 'அப்டேட்' கொடுத்து, மொத்தத் தொகையை ஷீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்க. கூட்டம் முடிந்து குழுவில் பகிரும்போது ஸ்லைடு கோப்பை அப்படியே அனுப்பாமல், பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்க.